கோச்சுக்குப் போட்ட போன்

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் சமையலறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா. ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஆபீஸ் சட்டையைக் கழற்றவில்லை.

அம்மா. அடுப்புப் பக்கம். முதுகு மட்டும் தெரிந்தது.

மாடி வீட்டு அங்கிள். குளித்த ஈரத் தலையோடு இறங்கி வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தம்பி. ஐந்து வயது. மேஜைக்கு அடியில் லாரி உருட்டிக்கொண்டிருந்தான்.

நான். பதினொரு வயது. கையில் போன்.

போனுக்கு அந்தப் பக்கம் ஒரு ரேடியோ நிலையம். அங்கே கல்லூரி ஃபுட்பால் அணியின் கோச் உட்கார்ந்திருந்தார்.

நம் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். அப்பா அம்மாவுக்காக போன் பேசிய பிள்ளைகள் நாம். கரன்ட் கம்பெனியோடு பேசினோம். பல் டாக்டரோடு பேசினோம். பக்கத்தில் நின்று அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல நாம் இங்கிலீஷில் சொன்னோம். எல்லோர் வீட்டிலும் ஒரு போன் கதை இருக்கும். என் வீட்டுக் கதை இது. நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். ஊரில் படித்தது இங்கிலீஷ் மீடியம், தமிழில் ஒழுங்காக எழுதப் படித்ததும் பிறகுதான். சுற்றி வளைக்கத் தெரியாது.

அப்பாவுக்கு டெக்சாஸில் ஒரு கல்லூரியில் வேலை. சின்ன ஊர். டல்லாஸ் போக மூன்று மணி நேரம். கம்ப்யூட்டர் சென்டரில் டேப் ரூம் அப்பாவுடையது. கம்ப்யூட்டர் தகவல்களைப் பதிந்து வைக்கும் கறுப்பு டேப் சுருள்கள், அலமாரி அலமாரியாக. எது எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு மனப்பாடம். உள்ளே எப்போதும் குளிர். வெளியே தார் உருகும் வெயிலிலும் அப்பா ஸ்வெட்டரை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போவார்.

அந்த வருடம் கல்லூரி அப்பாவுக்கு கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டிருந்தது. அது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலை இருக்கும்வரை அந்த விண்ணப்பம். வேலை போனால் அதுவும் போகும். வேறு கம்பெனி பிடித்து, வரிசையில் கடைசி ஆளாக மறுபடி நிற்க வேண்டும். அப்பா பெயரில் வந்தால் அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் சேர்ந்து வரும். கல்லூரி வக்கீல் அனுப்பிய கடிதத்தை அம்மா சாமி படத்துக்கு அடியில் வைத்திருந்தாள். விளக்குச் சூடு படாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் விசாவுக்காக ஈரோட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனோம். வழி முழுக்க அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்பா பேரென்ன?"

சொன்னேன்.

"இன்ஷியலோட சொல்லு. எங்க வேலை? எந்த டிபார்ட்மென்ட்? நீ எதுக்குப் போற?"

சொன்னேன்.

"கேக்கறவங்க கேட்டா முழுசாச் சொல்லோணும் அம்மிணி. பாதியில முழுங்கினா பொய்யின்னு நெனச்சுக்குவாங்க."

விசா ஆபீசில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டு முத்திரை குத்தினாள். நான் படித்துக்கொண்டு போன பாடம் அப்படியே உள்ளே கிடந்தது.

ஃபுட்பால் என்றால் காலால் ஆடுவதல்ல, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அது எங்கள் வீட்டுக்குள் வந்தது ஓசி டிக்கெட்டில். கல்லூரி ஊழியர் குடும்பங்களுக்கு மேல் வரிசை டிக்கெட் சும்மா கொடுத்தார்கள். சும்மா கிடைப்பதை விடக் கூடாது என்று அப்பா எங்களைக் கூட்டிப் போனார்.

முதல் தடவை எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைக்கவசம் போட்ட பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி விழுந்தார்கள். அலுமினியப் பலகை வெயிலில் காய்ந்து தொடையைச் சுட்டது. பாப்கார்ன் வெண்ணெய் வாசனை, பக்கத்து ஆளின் பியர் வாசனை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேண்ட் வாத்தியம். பெரிய டிரம் அடித்தால் பலகை வழியாக வயிற்றுக்குள் கேட்கும்.

வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது. அம்மா புளிசாதத்தை ஃபாயிலில் சுற்றித் தம்பியின் மாற்றுத் துணி வைக்கும் பைக்குள் வைத்துவிடுவாள். வாசலில் பையைத் திறந்து பார்க்கும் கிழவர் ஒருநாள் மோந்து பார்த்து, "குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் அவசரமாக ஜிப்பை மூடிக் கொடுத்தார்.

கோலா விற்கும் பிளாஸ்டிக் டம்ளரில் அணியின் பெயர் அச்சடித்திருக்கும். செங்கல் நிறம். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் கீழே போட்டுவிட்டுப் போவார்கள். அம்மா பொறுக்கி வந்து வென்னீரில் கழுவினாள். எங்கள் வீட்டில் அரிசி அளந்தது, மோர் குடித்தது, பல் விளக்கியது எல்லாம் அதில்தான். இன்று ஒன்றுகூட இல்லை.

மாடி வீட்டு அங்கிள்தான் விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். திருநெல்வேலிக்காரர். கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் உட்கார்ந்து பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தார். கல்யாணமாகவில்லை. வாரத்தில் ஐந்து நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு.

"அண்ணாச்சி, நாலு சான்ஸ் குடுப்பான். அதுக்குள்ள பத்து கஜம் போயிரணும். போயிட்டா மறுபடி நாலு சான்ஸ். போகலேன்னா பந்து அவனுக்கு. அம்புட்டுதான்."

"எப்படிப் போறது?"

"பந்தக் கைல வச்சிக்கிட்டு ஓடலாம். இல்லேன்னா தூர நிக்கவனுக்கு எறியலாம்."

"எறிஞ்சா ஒரே தடவைல இருவது கஜம் போகுமே?"

"போகும்."

"அப்புறம் ஏன் இவனுக எறியறதில்ல?"

"அதத்தான அண்ணாச்சி இந்த ஊரே கேக்குது."

அங்கே ஆரம்பித்தது அப்பாவுக்கு வியாதி.

எங்கள் கோச் எறிய விட மாட்டார். முதல் சான்ஸில் ஒரு தடியன் பந்தைக் கட்டிக்கொண்டு நடுவில் போய் மோதுவான். இரண்டு கஜம். இரண்டாவது சான்ஸ், அதே தடியன், அதே நடு. ஒரு கஜம். மூன்றாவது சான்ஸிலாவது எறிவார்கள் என்று மைதானமே எழுந்து நிற்கும். மறுபடி தடியன். மறுபடி நடு. நாலாவது சான்ஸில் பந்தைக் காலால் எத்தி எதிரணிக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

பந்தெறியும் வேலைக்கு மாற்று ஆளாக ஓரத்தில் உட்கார வைத்திருந்த பையன் ஒல்லியாக இருந்தான். ஆட்டம் தொடங்குமுன் பழகும்போது அவன் எறிவதைப் பார்க்க நாங்கள் சீக்கிரமே போவோம். பந்து சுழன்றுகொண்டு, சத்தமே இல்லாமல், அறுபது கஜம் போய் ஓடுகிறவன் கையில் உட்காரும். ஆட்டம் தொடங்கியதும் அவன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விடுவான்.

அப்பா உட்கார்ந்து ஆட்டம் பார்த்து நான் பார்த்ததில்லை. நிற்பார். பின்வரிசைக்காரர் உட்காரச் சொல்வார். உட்கார்ந்து உடனே எழுவார். பிறகு படிக்கட்டுக்குப் போய் மேலும் கீழும் நடப்பார். வீட்டில் ஒரு வார்த்தை அதிகம் பேசாத மனிதர் அங்கே தமிழில் கத்தினார்.

"எறியச் சொல்லுடா! அந்தப் பையன எறக்குடா! கபடி ஆடறவனுக்குக்கூட ரெண்டு பக்கம் இருக்குதுன்னு தெரியும்டா!"

பக்கத்திலிருந்த வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு பாஷை புரியவில்லை. ஆனால் விஷயம் புரிந்தது. "யூ டெல் ஹிம்!" என்பார்.

கோச்சுக்கு வட்டமான சிவந்த முகம். நெற்றி வரைக்கும் தொப்பி. தோற்றாலும் சூயிங்கம் மெல்லும் வேகம் மாறாது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அப்பாவுக்கு எரியும்.

"தோத்துட்டு எப்படித்தான் மென்னுட்டு நிக்கறானோ."

அந்தப் பருவத்தில் தொடர்ந்து தோற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா காரைக் கழுவுவார். கழுவின காரையே மறுபடி கழுவுவார். அம்மாவுக்குக் கோபம்.

"அவனுக தோத்தா உங்களுக்கென்னங்க? நம்ம பையனா ஆடறான்?"

"கண்ணு முன்னாடி ஒருத்தன் தப்புப் பண்ணிட்டே இருந்தா எப்படிப் புள்ள சும்மா பாக்கறது?"

அப்பா டேப் ரூமில் ஒரு சுருள் தவறினாலும் பொறுக்காதவர். அவருக்கு அது அப்படித்தான் இருந்திருக்கும்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு உள்ளூர் ரேடியோவில் கோச் வருவார். ஒரு தொகுப்பாளர் கூட இருப்பார். ஊர்க்காரர்கள் போன் போட்டுக் கேள்வி கேட்கலாம். அப்பா மூன்று வாரம் தானே போட்டுப் பார்த்தார். முதலில் ஒரு பெண் எடுத்து என்ன கேள்வி என்று விசாரிப்பாள். அப்பா சொல்வார். அவளுக்குப் புரியாது. மறுபடி சொல்லச் சொல்வாள். மறுபடி சொல்வார். மூன்றாவது வாரம் அவள் யாரிடமோ திரும்பிச் சிரித்தது தள்ளி நின்ற எனக்கே கேட்டது. பிறகு லைன் போய்விட்டது. அப்பா போனை வைத்துவிட்டு அதைத் துணியால் துடைத்தார்.

நாலாவது வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"நீ பேசு அம்மிணி. நான் சொல்றதச் சொன்னாப் போதும்."

"வேண்டாமுங்க," என்றாள் அம்மா. "காலேஜ் ஆளுகளோட நமக்கென்ன வம்பு?"

"பேரா சொல்லப் போறோம்? ஒரு கேள்வி. அவ்வளவுதான்."

"கேளுங்க மதினி, பிள்ள பேசினா கோச்சு பதில் சொல்லித்தான் ஆவணும்," என்றார் அங்கிள். அவர்தான் முதலில் யோசனை கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. கேட்க அவர் இன்று இல்லை.

என் இங்கிலீஷுக்கு அந்தப் பெண் ஒரே தடவையில் வழி விட்டாள். ரேடியோவைக் குறைக்கச் சொன்னாள். அப்பா குறைத்தார். முழுக்க நிறுத்தவில்லை. என் குரல் ஃப்ரிட்ஜ் மேலிருந்து கொஞ்சம் பிந்தி வந்தது. தம்பி மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "அக்கா ஈஸ் இன் தி ரேடியோ," என்றான்.

தொகுப்பாளர் என்னை ஸ்வீட்ஹார்ட் என்று கூப்பிட்டு, கோச்சிடம் கேட்கச் சொன்னார்.

அப்பா மெதுவாகச் சொன்னார். "மூணு தடவையும் நடுவுலயே ஓடறீங்களே, அது எதிராளிக்குத் தெரியாதான்னு கேளு."

கேட்டேன்.

கோச் தொண்டையைச் செருமினார். எங்கள் பையன்கள் அடிப்படையை நம்புகிறவர்கள், பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் முக்கியம் என்று சொன்னார். எல்லா வியாழக்கிழமையும் சொல்வதுதான்.

"பத்திரமா வச்சிக்கிடணும்னா பீரோல பூட்ட வேண்டியதுதானவே," என்றார் அங்கிள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ரேடியோவைப் பார்த்துச் சொன்னார். "எங்கூர்ல எருமை கூட ரெண்டு தடவ செவுத்துல முட்டுச்சுன்னா மூணாவது தடவ வாசப் பக்கம் போகும். இவன் மூணாவது தடவையும் செவுத்துக்கே போறான்."

அது கேள்வி இல்லை. என்னிடம் சொன்னதும் இல்லை. ஆனால் அப்பா தமிழில் சொன்னால் நான் இங்கிலீஷில் சொல்வது வழக்கம். கரன்ட் கம்பெனியிடம் அப்படித்தான் சொன்னேன். பல் டாக்டரிடம் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டேன். எங்கள் அப்பா சொல்கிறார் என்று தொடங்கி, எருமை, சுவர், வாசல், ஒன்றும் விடவில்லை.

தொகுப்பாளர் சிரித்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கோச் சிரித்தாரா என்று தெரியவில்லை. சூயிங்கம் மெல்லும் சத்தம் மட்டும் நின்றது.

"யாரும்மா உன் அப்பா? எங்கே வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார் தொகுப்பாளர்.

நான் நேராக நின்றுகொண்டேன். அப்பா பெயரை இன்ஷியலோடு சொன்னேன். கல்லூரி என்றேன். கம்ப்யூட்டர் சென்டர், டேப் ரூம் என்றேன். கல்லூரி எங்களுக்கு கிரீன் கார்டு போட்டிருக்கிறது என்றேன். எதற்கு இந்த நாட்டுக்கு வந்தோம் என்று அவர் கேட்கவில்லை. அதையும் சொல்லத் தொடங்கினேன்.

அப்பாவின் விரல் வந்து போன் கட்டையை அமுக்கியது.

அம்மா திரும்பினாள். கையிலிருந்த கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியோவில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிள் சிரிக்க ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நல்லாத்தான அண்ணாச்சி சொல்லிச்சு பிள்ள."

அப்பா ரேடியோவின் வயரைப் பிடுங்கினார்.

அடுத்த நாள் அப்பா வேலையிலிருந்து வரும்போது முகம் கறுத்திருந்தது. கார் நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் அவரைப் பார்த்து "பஃபலோ!" என்று கத்திக் கட்டை விரலை உயர்த்தினார்களாம். கேன்டீனில் ஒருத்தி காசு வாங்க மாட்டேன் என்று சொல்லி காபி கொடுத்தாளாம்.

"எல்லாரும் கிண்டல் பண்றாங்க," என்றார் அப்பா.

அவர்களுக்கு அப்பாவைப் பிடித்துப்போயிருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அன்று அது கிண்டலாகத்தான் கேட்டது. எங்கள் பக்கத்தில் எவனும் ஒருவரை எருமை என்று கூப்பிட்டுப் பாராட்டுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் மைதானத்துக்குப் போகவில்லை. அப்பா டிக்கெட்டுகளை அங்கிளிடம் கொடுத்துவிட்டார். எங்கள் அப்பார்ட்மென்ட்டிலிருந்து மைதானம் அரை மைல். பால்கனிக் கதவு திறந்திருந்தால் பேண்ட் கேட்கும். கூட்டம் கத்துவதை வைத்தே எந்தப் பக்கம் பந்து போகிறது என்று சொல்லிவிடலாம். அப்பா பால்கனியில் துணி காயப்போடுகிற மாதிரி நின்றார். காய்ந்த துணியை எடுத்து மறுபடி கொடியில் போட்டார்.

முதல் சான்ஸ். கூட்டம் கொஞ்சம் முனகியது. இரண்டாவது சான்ஸ். முனகல். பிறகு ஒரு அமைதி.

அப்புறம் அந்தச் சத்தம். இருபதாயிரம் பேர் சேர்ந்து எருமை மாதிரிக் கத்தினார்கள்.

"ம்ம்ம்ம்மா."

நீளமாக, அடித் தொண்டையிலிருந்து. எதிர் பார்க்கிங்கில் ஒரு நாய் எழுந்து நின்று குரைத்தது. தம்பிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவனும் கத்தினான். அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.

ஒவ்வொரு மூன்றாவது சான்ஸுக்கும் அந்தச் சத்தம் வந்தது. அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சாத்தியும் கேட்டது.

அங்கிள் மைதானத்திலிருந்து ஓடி வந்தார். குரல் கட்டிப்போயிருந்தது. "அண்ணாச்சி, பெட்ஷீட்ல எருமை வரைஞ்சி தொங்கவிட்டிருக்கானுவோ! முன்னால ஒரு செவுரு! டிவிக்காரன் அதத்தான் காட்டுதான்!"

"இனி என்னைய வெச்சிருக்க மாட்டாங்க," என்றார் அப்பா.

"யாரு?"

"காலேஜுல. அவங்க சம்பளத்துல இருந்துட்டு அவங்க கோச்சுக்கு எதிரா ஊரத் தூண்டிவிட்டேன்னுதான நெனப்பாங்க."

"இங்க எவன் அண்ணாச்சி அதெல்லாம் பாக்கான்?"

ஈரோட்டில் அப்பா வேலை பார்த்த மில்லில், முதலாளியின் மச்சானைப் பற்றி ஏதோ சொன்ன ஒருவரை மறுநாள் வாசலோடு அனுப்பியிருக்கிறார்கள். அப்பா அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவின் மேஜையில் ஒரு சீட்டு இருந்தது. கம்ப்யூட்டர் சென்டர் டைரக்டர் எழுதியது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து பார்க்கவும். வேறு ஒன்றும் இல்லை.

அந்தச் சனி ஞாயிறு போல நீளமான இரண்டு நாளை நான் பிறகு பார்க்கவில்லை. அப்பா கார்ப்பெட்டைப் பெருக்கும் மெஷினைப் போட்டார். நிறுத்தினார். மறுபடி போட்டார். குடியிருப்பைச் சுற்றி நடந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். குப்பைத் தொட்டிப் பக்கம் மறைவார். நீச்சல் குளத்துப் பக்கம் தெரிவார். அம்மா யாரும் சொல்லாமலே டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள். அவளுக்குக் கையைச் சும்மா வைக்க முடியவில்லை. நான் கழிவறைக்குப் போய்ப் போய் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா மாடிக்குப் போய் அங்கிளின் டைப்ரைட்டரைக் கேட்டார். எதற்கு என்று தெரிந்ததும் அங்கிள் தர மறுத்தார். பிறகு, அப்பா அங்கேயே நின்றதால் கொடுத்தார். கூடவே இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, அவன் என்ன சொல்லுதான்னு கேட்டுட்டு குடுங்க. மொதல்லயே ஏன் குடுக்கிய?"

"அவங்க போன்னு சொல்லிப் போறது வேற. நாமளாப் போறது வேற."

"எளவு, அவன் போன்னு சொல்லலேன்னா?"

"சொல்லாம வேற எதுக்குக் கூப்புடுவாங்க?"

அப்பா இரண்டு விரலால் அடித்தார். நாலு வரி. அடித்து முடித்து என்னைக் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்.

"இங்கிலீஷ் சரியா இருக்குதான்னு பாரு அம்மிணி."

பார்த்தேன். மரியாதையோடு என் வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. ஒரு இடத்தில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. காட்டினேன். அப்பா வேறு தாள் செருகி முதலிலிருந்து அடித்தார்.

திங்கட்கிழமை அப்பா பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு லேசான காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. டிபன் டப்பா திறக்காமல் இருந்தது. ஸ்வெட்டர் கையில் இருந்தது.

"என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"ஒண்ணும் சொல்லல. உள்ள போனதும் லெட்டரக் குடுத்தேன். படிச்சான். நிச்சயமான்னு கேட்டான். ஆமான்னேன். கை குடுத்தான்."

"உக்காரச் சொன்னாங்களா?"

"சொன்னான். நான் உக்காரல."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அங்கிள் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். டைரக்டரின் செக்ரெட்டரியிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"ஜனவரில டேப் ரூம புது பில்டிங்குக்கு மாத்துதாங்களாம். சாமான எப்படிக் கொண்டுபோறதுன்னு ஒங்ககிட்ட யோசனை கேக்கக் கூப்பிட்டிருக்கான் அண்ணாச்சி. ஒங்களத்தான் அதுக்குப் பொறுப்பாப் போடணும்னு இருந்திருக்கான். அந்த ஆளுகிட்ட ரேடியோவே கிடையாதாம். ஃபுட்பாலே பாக்க மாட்டானாம்."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றில் கை அப்படியே நின்றது.

"வேலைய விட்டு நிக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. நாளைக்குக் காலைல போங்க. லெட்டரத் திருப்பித் தாங்கன்னு கேளுங்க. குடுத்துருவான்."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தத எப்படிப் போய்த் திருப்பிக் கேக்கறது?"

"வாயத் தொறந்து கேக்குறது!"

"என்ன நெனப்பான்?"

அம்மா அதுவரை அங்கிள் முன்னால் அப்பாவை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்று சொன்னாள்.

"அவன் என்ன நெனச்சா நமக்கென்னங்க? ரெண்டு புள்ளைக இருக்குதுங்க. போய்க் கேளுங்க. இல்லாட்டி நான் போய்க் கேக்கறேன். அம்மிணியக் கூட்டிட்டுப் போய்க் கேக்கறேன்."

"எனக்காக அவ இனிப் பேச வேண்டாம்," என்றார் அப்பா. கை கழுவ எழுந்துவிட்டார்.

புதன் போனது. வியாழன் போனது. ஒவ்வொரு நாளும் அப்பா கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். திரும்பி வரும்போதும் பார்ப்பாள். இரண்டு வாரமும் அப்படிப் போனது. கடைசி நாளன்று அப்பா ஒவ்வொரு டேப் சுருளும் எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்துவிட்டு வந்தார்.

நியூ ஜெர்சியில் அப்பாவின் பழைய மில் நண்பர் ஒருவர் மூலம் வேலை கிடைத்தது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குக் காரில் இரண்டரை நாள் பயணம். பின்சீட்டில் நானும் தம்பியும், நடுவில் டம்ளர் பெட்டி. டென்னசியில் மழை பிடித்தது. அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்து அப்பாவிடம் கேட்டேன்.

"என்னாலதானுங்களாப்பா?"

அப்பா வைப்பரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"கேட்டதுக்குப் பதில் சொன்ன. அதுல தப்பில்ல. எருமைய மட்டும் விட்டிருக்கலாம்."

அம்மா கண்ணை மூடியபடியே சிரித்தாள். அப்போதுதான் அவள் தூங்கவில்லை என்று தெரிந்தது. அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவை.

கோச் ராஜினாமா பண்ணவில்லை. அடுத்த பருவமும் இருந்தார். அதற்கடுத்ததும் இருந்தார். அங்கிள் பொங்கலுக்கு போன் பண்ணும்போது சொல்வார். இன்னும் நடுவில்தான் ஓட விடுகிறாராம். ஒல்லிப் பையன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டானாம். அப்பா "அப்படியா" என்பார். அதற்குமேல் கேட்க மாட்டார். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் ஃபுட்பால் யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அப்பா காரைக் கழுவுவார்.

புதுக் கம்பெனி விண்ணப்பத்தை முதலிலிருந்து போட்டது. பாதியில் அந்தக் கம்பெனியை இன்னொன்று வாங்கியது. மறுபடி முதலிலிருந்து. நான் பள்ளி முடித்தேன். "கார்டு வரட்டும், அப்புறம் காலேஜ் சேத்துக்கலாம்," என்றார் அப்பா. கார்டு இருந்தால் ஃபீஸ் குறையும், நானும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று அவர் எண்ணம். அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. நான் வீட்டில் இருந்தேன். தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். கோயில் வகுப்பில் தமிழ் எழுதப் படித்தேன். அப்பாவுக்கு எந்த போனும் நான் பேசவில்லை. அவரே பேசினார். வக்கீல் ஆபீசுக்கு ஒரே வாக்கியத்தை நாலு தடவை சொல்வது அடுத்த அறையில் எனக்குக் கேட்கும்.

விதி உங்களுக்குத் தெரியும். இருபத்தொரு வயது முடிந்தால் அப்பாவின் விண்ணப்பத்தில் பிள்ளை சேராது. அதற்குப் பிறகு அவள் தனி ஆள்.

ஜூலையில் எனக்கு இருபத்தொன்று முடிந்தது. அம்மா பால் பாயசம் வைத்தாள். செப்டம்பரில் அம்மா எனக்காக ஒரு பெட்டி வாங்கினாள், ஈரோட்டுக்கு எடுத்துப்போக. அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் தபால்காரர் வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். சமையல் மேஜையில் வைத்துப் பிரித்தேன்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். வந்த அட்டைகள் மூன்று.